பெரியவர் துரத்துகிறார்

சாம்பாரில் உப்பு இல்லை. தணிகாசலம் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார், மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார். மருமகள் மோனிஷாவுக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் பிடித்தது.

மாமனார் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்குத் தணிகாசலத்தைத் தெரியாது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது என்னவோ டிப்போவுக்குத்தான். வீட்டில் குளியலறை, மின்விசிறி, டிவி, மருமகளின் போன் பேச்சு எல்லாம் அவர் சொன்னால் புறப்பட வேண்டும், அவர் சொன்னால் நிற்க வேண்டும். உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டு மேஜையின் நடுவுக்கு நகர்ந்துவிடும். இது சாம்பாரா, பஸ் கழுவின தண்ணியா என்று பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்கிற மாதிரி விசாரணை நடக்கும். கல்யாணமாகிக் கொளத்தூர் வந்ததிலிருந்து இந்த வசனத்துக்கு மோனிஷா பழகிப்போயிருந்தாள். இப்போது அது வராததுதான் அவளை உறுத்தியது.

முதலில் உடம்புக்கு ஏதோ என்றுதான் நினைத்தாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படி ஒரு ரத்த அழுத்தம் தனக்கே இல்லை என்று பாராட்டி அனுப்பினார். தணிகாசலம் டாக்டருக்கு நன்றி சொன்னார். வாசலில் ஆட்டோக்காரன் காசு கூடுதலாகக் கேட்டதற்கும் நன்றி சொன்னார். வீடு வந்து சேரும்வரை மோனிஷா அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஃபிளாட் அசோசியேஷன் கூட்டத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். மொட்டை மாடிக் கதவைப் பூட்டப் போவதாகச் செயலாளர் அறிவித்தபோது, மேல் மாடிக்காரர்கள் எல்லோரும் தணிகாசலத்தின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர்களுக்காக ஊர்ச் சண்டையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டவர் அவர்தான். அவர் "பூட்டிக்கட்டும்" என்றார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அதன் பிறகு அவரைப் பார்த்தால் பேசுவதில்லை. அதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. டிவியில் என்ன வைக்கட்டும் என்று கேட்டால், எதுவானாலும் சரி என்பார். சில சமயம் பதில் சொல்வதற்கு முன் சட்டைப் பையில் எதையோ வைத்துவிட்டு மறந்தவர் போலச் சற்று நேரம் யோசிப்பார். பிறகு சரி என்றே சொல்வார்.

யாரோ அவருக்கு எதையோ கலந்து கொடுக்கிறார்கள் என்று பட்டது. வீட்டில் மூன்றே பேர். தனக்குத் தானே மருந்து கலந்து கொள்கிற மனிதர் இல்லை தணிகாசலம். அவள் எதையும் கலக்கவில்லை. மிச்சம் இருப்பது லோகேஷ், அவள் கணவன். சந்தேகம் அங்கேதான் போய் நின்றது.

விசித்திரம் என்னவென்றால், லோகேஷின் சந்தேகம் இவள் மேல். அப்பாவுக்கு என்ன போட்டுக் கொடுத்தாய் என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டான், ஆனால் அவள் குழம்பு கூட்டும்போது அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டான். அவளும் அவன் அப்பாவுக்குப் பால் ஆற்றும்போது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே படுக்கையில் படுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் இப்படிக் காவல் காப்பது நன்றாகவா இருக்கும். அப்புறம் ஒரு நாள் லோகேஷ் கேட்பதை நிறுத்திவிட்டான். ஏன் நிறுத்தினான் என்பது அவளுக்கு அதைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது.

நிறுத்தியதோடு, ஆளும் மாறினான். அப்பாவின் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தான். ரிமோட் அவன் மடிக்குப் போயிற்று. ரசத்தில் புளி தூக்கல் என்று சொல்ல வாய் வந்தது. அப்பா இருந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று யாரோ அவனை அனுப்பி வைத்த மாதிரி.

நடுவில் அவளுடைய தூத்துக்குடி விஷயமும் வந்து போயிற்று. பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவள் மோனிஷா. துறைமுகத்தில் ஒரு வருடம் வேலை செய்துகொண்டே சொல்லிக் கொடுக்கும் பதவிக்கு மாநிலத்திலேயே சிலரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அதில் அவளும் ஒருத்தி. பல வருட ஆசை. போய்ட்டு வாம்மா என்று மாமனார் உடனே சொன்னார். லோகேஷ்தான் முடியாது என்றான். ஒரு வாரம் வீடு ரெண்டுபட்டது. அவளும் விடவில்லை, தாலி கட்டினதோடு காலையும் சேர்த்துக் கட்டினாயா என்று கேட்டாள். பிறகு ஒரு காலையில் அவளுக்கே போகட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வர இயலவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. நமக்கும் வயதாகிறது, பக்குவம் வருகிறது என்று எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு விஷயம் விளங்கியது மீன் தொட்டியால்தான்.

கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. மோலி, கப்பி, இரண்டு ஏஞ்சல் என்று சாதுவான கூட்டம். அதில் கொளத்தூர் மீன் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு நீலக் கௌராமி வந்து சேர்ந்தது. வந்த மறுநாளே பெரிய கல்லுக்குப் பின்னால் இருந்த மூலையைத் தனக்கென்று வளைத்துக்கொண்டது. தீவனம் போட்டால் முதலில் அதுதான், யாராவது முந்தினால் வாலைக் கிழித்துவிடும். மோனிஷா அதற்குப் பெரியவர் என்று பேர் வைத்தாள். யாரை நினைத்து வைத்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. மாமனார் காதில் விழாமல்தான் கூப்பிடுவாள்.

சந்தைக்காரர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கல்லையும் செடியையும் அடிக்கடி இடம் மாற்றி வைப்பது, தன் மூலை எது என்று தெரியாவிட்டால் வம்புக்காரனுக்குக் கொஞ்ச நாளைக்கு வாலாட்டத் தோன்றாது. இன்னொன்று, சமையலறை ஊற்றிலிருந்து தொட்டிக்கு ஒரு கிளை இழுத்துக்கொள்வது.

ஊற்று என்பது தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டிதான், ஆனால் அதற்கு மேலும் ஒன்று தெரியும். டம்ளரை நீட்டுகிறவர் முகத்தைப் பார்த்து, அவரவருக்கு டாக்டர் எழுதிய மருந்தை அவரவர் தண்ணீரில் கலந்து தரும். மருந்துக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. தணிகாசலத்துக்குப் பிரஷர், மோனிஷாவுக்கு இரும்புச் சத்து, லோகேஷுக்குத் தூசி ஒவ்வாமை. மாத்திரை அட்டைகள் வீடுகளை விட்டுப் போய் வெகு காலமாகிவிட்டது. காதும் உண்டு, வாயும் உண்டு. மீன் கிளை புதிதாக வந்திருந்தது. தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்து, வம்பு செய்யும் மீனின் வாய்க்கு நேராக அமைதி மருந்து தடவிய தீவனத்தைப் போடும்.

கிளை போட வந்தவள் ஜெசிந்தா என்ற கம்பெனிப் பெண். எல்லாம் மாட்டிவிட்டு, எந்த மீன் தொந்தரவு என்று ஊற்றிடம் சொல்லச் சொன்னாள். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசலாம், தமிழ் அதற்கு நன்றாகப் புரியும் என்றாள். தணிகாசலம் பால்கனியில் இருந்தார். மோனிஷா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பெரியவர்தான். எல்லாரையும் துரத்துறார். யாரையும் நிம்மதியா சாப்பிட விடமாட்டேங்கறார்."

பதிவு செய்துகொண்டேன் என்றது ஊற்று. இது நடந்தது சித்திரையில். இப்போது ஆடி.

அன்று காலை தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாரம் தவறாமல் ஊற்றின் திரையில் ஒரு செய்தி வரும், அதை அவள் படிப்பதே இல்லை. கை ஈரமாக இருந்ததால் வேறு வேலையில்லாமல் அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தாள். "பெரியவர் நல்ல முன்னேற்றம். இந்த வாரம் யாரையும் துரத்தவில்லை. குரல் உயரவில்லை." அவள் கண்ணெதிரே கௌராமி ஒரு மோலியை மூலைக்கு ஓட்டிக்கொண்டு போய் அதன் வாலில் ஒரு துண்டைக் கவ்வி எடுத்தது. சித்திரையில் எப்படி இருந்ததோ அதைவிட மூர்க்கமாக இருந்தது.

திரையை மறுபடி படித்தாள். மீனுக்கு ஏது குரல்?

ஜெசிந்தா மத்தியானம் வந்தாள். தணிகாசலம் கூடத்தில் உட்கார்ந்து, வந்தவளுக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்துவிட்டுத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா ஊற்றைத் திறந்து எதையெதையோ தட்டினாள். அவள் முகம் மாறியது. மோனிஷா சொன்னதை அவளுக்கே போட்டுக் காட்டினாள்.

"மேடம், நீங்க துரத்துறார்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா. விளையாட்டுக்கு."

"மீன்னா துரத்துது. துரத்துறார்னு வந்தா அது ஆளுன்னுதான் எடுத்துக்கும். நாங்க அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கோம். வீட்ல பெரியவர் யாருன்னு தேடியிருக்கு."

உயர்திணை, அஃறிணை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள், பரீட்சையோடு மறந்துபோன சங்கதி. கேலிக்காக ஒரு மீனுக்கு மரியாதை கொடுத்தாள். அந்த ஒரு விகுதியைப் பிடித்துக்கொண்டு இயந்திரம் மனிதரிடம் போய்விட்டது. 

ஒரு மனிதருக்கு யாரைக் கேட்டு இப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். ஜெசிந்தா அதற்குத் தயாராக இருந்தாள். வயதானவர்கள் ஆத்திரத்தில் தங்களையே கெடுத்துக்கொள்ளாமல் இருக்க அனுமதித்த மருந்துதான். வீட்டார் ஒருவர் புகார் சொல்ல வேண்டும், கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடிப்பவரே தன் வாயால் சம்மதிக்க வேண்டும். மூன்றும் இருக்கின்றன என்றாள்.

"அவரு சம்மதிச்சாரா?"

ஜெசிந்தா அதையும் போட்டாள். பெரியவரே, வீட்டில் அமைதி குறைவாக இருப்பதாகப் புகார், அமைதி மருந்து தொடங்கலாமா என்று ஊற்று பணிவாகக் கேட்டது. யாரோ தன்னை மரியாதையாகக் கூப்பிட்டு மீனைப் பற்றி யோசனை கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்ட தணிகாசலத்தின் பதில் கூடம் அதிர வந்தது.

"குடு, நல்லா குடு. திமிரு அடங்கட்டும். டைமுக்குக் குடுக்கணும், லேட்டாச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. ஒரு காலத்தில் அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது இன்னும் கிட்டே போய் நின்று கேட்டாள். நாற்காலியிலிருந்து தணிகாசலம் ஆர்வமாக எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா அந்த ஆளு? இவ்ளோ சத்தமா பேசறான்."

 ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிழை தங்கள் பக்கமும் இருக்கிறது, மேலே எழுதிவிடுகிறேன் என்றாள். பிறகு தொட்டியைக் காட்டி, அது துரத்துது என்று மீனுக்குப் புதிதாகப் பதிவு செய்தாள். அடுத்ததையும் இப்போதே பார்த்துவிடலாமா என்று கேட்டாள்.

"எந்த அடுத்தது?"

"இந்த வீட்ல ரெண்டு பேருக்கு ஓடுது மேடம்."

லோகேஷுக்கா என்றுதான் மோனிஷா முதலில் நினைத்தாள். ஒரு கணம், சொல்வதற்கு வெட்கம்தான், அற்பமான ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஜெசிந்தா திரையை அவள் பக்கம் திருப்பினாள். அதில் அவள் பேர் இருந்தது.

இதுவும் ஏதோ மீன் குழப்பம்தான் என்று ஜெசிந்தா சமாதானமாகச் சொல்லிக்கொண்டே புகாரை ஒலிக்க விட்டாள். லோகேஷின் குரல், அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது. மோனிஷா சும்மா சும்மா கோபப்படறா, நிம்மதியா இருக்க விடமாட்டேங்கறா. ஒரு வார்த்தையில்கூடப் பிசகு இல்லை. மீனென்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாத தமிழ். அப்பாவுக்கு நடந்தது தவறு. அந்தத் தவறை எப்போதோ கண்டுபிடித்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அதிலிருந்து பாடம் படித்துக்கொண்டவன் பேசிய பேச்சு இது.

"நான் சம்மதம் சொல்லவே இல்லையே."

ஜெசிந்தா தயங்கினாள். போடு என்றாள் மோனிஷா.

மருந்து தொடங்கலாமா என்று ஊற்று கேட்டது. தூக்கம் கலையாத அவளுடைய குரல், யாருக்கு என்றது. பின்னால் கொஞ்சம் தள்ளி லோகேஷ்.

"மீனுக்குத்தான் கேக்குது. சரின்னு சொல்லு."

"சரி."

எந்த வாரம் அது என்று மோனிஷா கேட்டாள். கேட்கத் தேவையே இல்லை. தூத்துக்குடிக்கு வர இயலவில்லை என்று எழுதிய அதே வாரம். பக்குவம் என்று நினைத்துத் தன்னைத் தானே தட்டிக் கொடுத்துக்கொண்டது அவன் கலந்து கொடுத்த தண்ணீர்.

இப்போது கோபம் வரவேண்டும். பாத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டும், போனை எடுத்து அவனை நாலு பேர் கேட்கக் கிழிக்க வேண்டும். அவள் உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்தாள். பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. என்ன நடந்தது என்பது முழுக்கப் புரிந்தது, எவ்வளவு பெரிய துரோகம் என்பதும் புரிந்தது, உள்ளே ஒன்றும் எழவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பயமும்கூட மெல்லியதாகத்தான் இருந்தது.

இரண்டையும் நிறுத்து என்றாள். ஜெசிந்தா உதட்டைக் கடித்தாள். இணைப்பு லோகேஷ் பேரில் இருக்கிறது, கொடுக்கச் சொல்ல வீட்டில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நிறுத்தச் சொல்ல இணைப்புக்காரர்தான் சொல்ல வேண்டும், சட்டம் அப்படி என்றாள்.

மோனிஷா மாமனாரிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நடந்ததை முழுவதும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அவன் நல்லதுக்குத்தான் செய்திருப்பான் என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, இப்படியே இருந்துக்கலாமா?"

"இருந்துக்கலாம்மா."

"வேணாம், நிறுத்திடலாமா?"

"நிறுத்திடலாம்மா."

எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவரிடம் சம்மதம் வாங்கி என்ன செய்வது. சிடுமூஞ்சியாக இருந்தாலும் அந்த மனிதருக்கு வேண்டும், வேண்டாம் என்று இரண்டு இருந்தன. இப்போது அவருக்காகவும் அவளே முடிவு செய்ய வேண்டும். அவளுடைய முடிவிலும் லோகேஷின் மருந்து கலந்திருக்கிறது. அதையும் தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

"அந்தத் தண்ணியக் குடிக்காமலே இருந்துட்டா?"

குடிக்காமல் இருப்பதைச் சட்டம் தடுக்காது என்றாள் ஜெசிந்தா. பிரஷர் மருந்து மட்டும் கடையில் மாத்திரையாகக் கிடைக்கும், தவறாமல் கொடுக்க வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆனா சட்டுனு விட்டா கஷ்டம் மேடம். தலை சுத்தும். தூக்கம் வராது. இத்தனை நாள் வராத கோபமெல்லாம் சேர்ந்து வரும். உங்க மாமனாருக்கும் வரும், உங்களுக்கும் வரும். ஒரே வீட்ல ரெண்டு பேரும் தாங்க மாட்டீங்க."

"வரட்டும்" என்றாள் மோனிஷா.

சாயங்காலம் லோகேஷ் வந்தபோது சமையலறை மேடையில் ஒரு தண்ணீர் கேன் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு தோளில் தூக்கிவந்து போடுவார்களே, அந்த நீல நிறக் கேன். சந்தைக்குப் பின்னால் ஒரே ஒரு கடையில் இன்னும் விற்கிறார்கள், மீன் வளர்க்கிறவர்களுக்காக. பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை. அப்பாவும் மோனிஷாவும் அந்தத் தண்ணீரில் போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். லோகேஷ் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேனைப் பார்த்தான்.

"நானும் மாமாவும் இனிமே இதைத்தான் குடிக்கப் போறோம்" என்றாள்.

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், அவனுக்கு எதுவும் தெரியாது, அந்தக் குரல்கூட ஏதோ இயந்திரக் கோளாறு என்று நம்பிவிட அவளுடைய மனதில் ஒரு மூலை அப்போதும் தயாராகத்தான் இருந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

லோகேஷ் கேட்கவில்லை.